பொன்னாங்கண்ணியும் அதன் உறவினங்களும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நிகழ்த்திய பேச்சு)



தாவர நூல் என்றாலே அது கல்லூரி மாணவர்க்கு உரியது, ஏர் பிடிப்பவர்க்கும் ஊர்ப் பணி செய்பவர்க்கும் அதனால் ஆகும் பயன் யாது என்று பலர் எண்ணுவதுண்டு. அவ்வெண்ணம் சரியன்று என்பதை ஒரு சிறு பூண்டினைக் கொண்டே எடுத்துக் காட்ட விரும்புகிறேன். அப்பூண்டு உங்கள் அனைவருக்கும் பழக்கமானது. வயல் வரப்பிலும், வாய்க்கால் ஓரத்திலும், கிணற்றடியில் நீர் கசியும் இடத்திலும் தரையோடு தரையாகப் படர்ந்து கிடப்பது. கீரைக்காரி கூடையில் நாள்தோறும் தெருவுக்கு வருவது. கண்ணுக்கும் மேனிக்கும் நன்மை தருவதென்று நம் பெரியோர் போற்றி உண்டது. பொன்னாங்கண்ணியைத்தான் சொல்கிறேன்.

இக்கீரைக்கு உறவான வேறு சில பூண்டுகளும் நம் நாட்டில் உள்ளன. அவற்றுள் ஒன்று பூந்தோட்டத்திற்கு அழகு தருவது. ஒன்று காலில் குத்துவது. மற்றொன்று ஏரியையும் வாய்க்காலையும் அடைத்து விடக்கூடியது. நான்கும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இவற்றைப் பிரித்தறியாவிடில், கீரை வளர்க்கிறோம் என்று எண்ணிக் களையை வளர்ப்போம். களையை அழிக்கிறோம் என்று எண்ணி அதனைப் பெருக்கி விடுவோம். ஆதலின் இவற்றின் அடையாளங்களை ஊரில் ஒரு சிலரேனும் திட்டமாக அறிந்திருத்தல் வேண்டும்.

பெயர் வந்த வகை

தாவர நூலார் செடிகளைக் குடும்பம், பேரினம், சிற்றினம் என்று வகுப்பர். ஒரு பெரிய குடும்பத்தில் பல வீடுகளும், ஒவ்வொரு வீட்டிலும் சில உடன்பிறந்தாரும் இருப்பதைப் போன்றது இது. பொன்னாங்கண்ணியின் குடும்பம் அமராந்தேசி எனப்படும். தண்டுக்கீரை, முளைக்கீரை, நாயுருவி, பொங்கலன்று காப்புக் கட்டும் சிறுபீளை, பூமாலையில் தொடுக்கும் வாடாமல்லி, கோழிக்கொண்டை ஆகிய யாவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. இவற்றின் பூவைத் தொட்டுப் பார்த்தால் உறவு விளங்கும். மல்லிகையிலும் தாமரையிலும் உள்ள மென்மை இவற்றில் இல்லை. இதழ்கள் உலர்ந்த காகிதம் போன்று சரசரக்கும். வாடாமல்லி பறித்த பின்னும் வாடாத காரணம் இதுவே.

இக்குடும்பத்தில் பொன்னாங்கண்ணியின் பேரினத்திற்கு அல்டெர்னாந்தெரா என்பது பெயர். அப்பெயரை 1775-ஆம் ஆண்டு வெளியான ஒரு நூலிலே காண்கிறோம். அதனை எழுதியவர் பீட்டர் போர்ஸ்கால் என்னும் இளம் அறிஞர். புகழ் பெற்ற லின்னேயஸின் மாணாக்கர். டென்மார்க் அரசர் அனுப்பிய ஆராய்ச்சிக் குழுவினருடன் எகிப்துக்கும் அரேபியாவுக்கும் சென்று செடிகளைத் திரட்டியவர். 1763-ல் ஏமன் நாட்டிலேயே அவர் நோயுற்று இறந்தார். அவர் விட்டுச் சென்ற குறிப்புகளை, அக்குழுவில் உயிரோடு திரும்பிய கார்ஸ்டன் நீபூர் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அச்சேற்றினார். நம் வரப்பில் கிடக்கும் கீரைக்குப் பெயரிட்டவர் அதனைத் தம் நூலில் அச்சாகக் காணவில்லை.

அல்டெர்னாந்தெரா என்பதன் பொருள் யாதெனின், ‘மாறி மாறி வரும் மகரந்தப் பைகளை உடையது’ என்பதாம். இதன் பூவைப் பெருக்குக் கண்ணாடியால் பார்த்தால், மகரந்தம் தாங்கிய கேசரம் ஒன்று, மகரந்தம் இல்லாத நாக்குப் போன்ற உறுப்பு ஒன்று என அடுத்தடுத்து நிற்பது தெரியும். அந்த அமைப்பே பேரினத்தின் பெயராயிற்று.

பொன்னாங்கண்ணியை லின்னேயஸ் 1753-லேயே தம் நூலில் குறித்திருந்தார். ஆனால் வாடாமல்லியின் பேரினத்தில் அதனைச் சேர்த்திருந்தார். பின்னர் ஆராய்ந்தவர்கள் அதனைப் பிரித்து இப்பேரினத்தில் அமைத்தனர். இன்று அதன் முழுப் பெயர் அல்டெர்னாந்தெரா செசிலிஸ் என்பது. ‘செசிலிஸ்’ என்றால் காம்பின்றி ஒட்டி அமர்ந்தது என்று பொருள். இந்த ஒரு சொல்லை மனத்தில் நிறுத்திக் கொள்ளும்படி கேட்டுக் கொள்கிறேன். பின்னால் இது நமக்கு மிகவும் பயன்படும்.

பேரினத்தின் பொது இயல்புகள்

உலகில் இப்பேரினத்தில் ஏறத்தாழ எண்பது முதல் நூறு சிற்றினங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தென் அமெரிக்காவையும் அதனை அடுத்த வெப்ப நாடுகளையும் சேர்ந்தவை. பொதுவாக இவை யாவற்றிலும் காணும் இயல்புகள் இவை:

இலைகள் கணுவுக்கு இரண்டாக, ஒன்றுக்கொன்று எதிராக அமையும். இலையின் ஓரத்தில் பற்கள் இரா. பூக்கள் மிகச் சிறியவை. பல பூக்கள் நெருங்கி ஒரு சிறு உருண்டையாகத் திரளும். ஒவ்வொரு பூவுக்கும் ஐந்து வறண்ட இதழ்கள் உண்டு. ஒரு பூவில் ஒரே ஒரு விதைதான் உண்டாகும். அவ்விதையை மூடிய காய், அவரைபோலும் எள்போலும் வெடிப்பதில்லை. பை போன்று மூடியபடியே உதிரும்.

படரும் வகைகளுக்கு வேறொரு சிறப்பு உண்டு. தண்டு தரையிலே கிடக்கும். ஈரம் பட்ட கணுதோறும் வேர் விடும். வேர் விட்ட கணுவிலிருந்து புதுக் கொடி கிளம்பும். ஆகவே, ஒரு கொடியைப் பத்துத் துண்டாக நறுக்கி, துண்டுக்கு ஒரு கணுவேனும் இருந்தால், பத்தும் பத்துச் செடிகளாக வளரக்கூடும். கரும்பைக் கரணை வைத்துப் பயிர் செய்யும் விவசாயிக்கு இதனை விளக்கத் தேவையில்லை. கீரைக்கு நன்மையாய் விளங்கும் இவ்வியல்பே களைக்குப் பெரும் வலிமையாய் அமைகிறது.

நாட்டுப் பொன்னாங்கண்ணி

முதலில் நம் கீரையைப் பார்ப்போம். ஈரமுள்ள இடமே இதற்கு உகந்தது. இலை குறுகியும் இருக்கும், சற்று அகன்றும் இருக்கும். இடத்திற்கும் ஈரத்திற்கும் ஏற்ப அதன் அளவு மாறும். பூவுருண்டை வெண்மையானது. அது இலைக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட கக்கத்தில், காம்பில்லாமல், தண்டோடு ஒட்டியிருக்கும். இதுவே ‘செசிலிஸ்’ என்பதன் பொருள். ஒரு பூவில் மகரந்தம் தாங்கும் கேசரங்கள் பெரும்பாலும் மூன்றே. காய் தட்டையாய், தலைகீழாய்ப் பிடித்த இதயம் போன்ற வடிவில் இருக்கும்.

இக்கீரையில் சுண்ணாம்புச் சத்தும், இரும்புச் சத்தும், உடலில் ஏ வைட்டமினாக மாறும் கரோட்டீனும் உண்டு. கண்ணுக்கு நல்லது என்று பாட்டிமார் கூறியது வீண் சொல்லன்று. ஏ வைட்டமின் குறைவால் மாலைக்கண் உண்டாகும் என்பதை மருத்துவ நூல் ஒப்புக்கொள்கிறது. எனினும் கண்ணில் வரும் எல்லா நோய்க்கும் இக்கீரையே மருந்தென்று இருந்துவிடலாகாது. பார்வை மங்கினால் மருத்துவரிடம் காட்டுவதே முறை. சிறுநீரகத்தில் கல் உள்ளவர்களும் இதனை உண்பது பற்றி மருத்துவரைக் கேட்டுக் கொள்வது நலம்; இக்குடும்பத்துக் கீரைகளில் ஆக்சாலிக் அமிலத்தின் உப்புகள் உள்ளன.

பயிர் செய்வது எளிது. நான்கைந்து கணுக்கள் கொண்ட முற்றிய தண்டுகளை வெட்டி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி பாத்தியில் நட்டு, ஈரம் காயாமல் நீர் பாய்ச்சினால் போதும். சுமார் ஒரு மாதத்தில் முதல் வெட்டுக்கு வரும். அடியோடு பிடுங்காமல் மேலாகக் கிள்ளி வந்தால் மீண்டும் மீண்டும் துளிர்க்கும். வீட்டுக் கழிவாக வரும் சுத்தமான நீர், குளியலறை நீரன்று, அரிசி கழுவிய நீரும் காய்கறி கழுவிய நீரும், ஒரு சிறு பாத்திக்கு உதவும்.

ஓர் எச்சரிக்கை. இச்செடி தான் வளரும் நீரிலும் சேற்றிலும் உள்ள ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்களை உறிஞ்சித் தன்னுள் சேர்த்துக் கொள்ள வல்லது. ஆலைக் கழிவோ ஊர்ச் சாக்கடையோ கலக்கும் வாய்க்காலில் விளைந்த கீரை எவ்வளவு பசுமையாக இருப்பினும் அதனைப் பறித்து விற்பதும் உண்பதும் தகாது. கழுவினாலும் வேக வைத்தாலும் உலோகம் நீங்காது.

தோட்டத்து உறவும் முள் உறவும்

சீமைப் பொன்னாங்கண்ணி என்றும், சிவப்புப் பொன்னாங்கண்ணி என்றும் சந்தையில் விற்கும் கீரையைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் பெரும்பாலானவை, அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து பூந்தோட்டப் பாத்திகளின் ஓரத்தில் அழகுக்காக வைக்கக் கொண்டு வரப்பட்ட செடிகளின் வழி வந்தவை. நாட்டுப் பொன்னாங்கண்ணிக்கு உறவே எனினும் சிற்றினம் வேறு. உண்பதில் தவறில்லை. ஆனால், வைத்திய முறையில் பொன்னாங்கண்ணி என்று சொல்லப்படுவது நாட்டு வகையே. மருந்துக்கு வாங்குவோர் இவ்வேறுபாட்டினை அறிதல் வேண்டும்.

முள் உறவினத்திற்கு அல்டெர்னாந்தெரா பங்கென்ஸ் என்று பெயர். ‘பங்கென்ஸ்’ என்றால் குத்துவது. சாலையோரத்திலும், களத்து மேட்டிலும், பள்ளிக்கூட விளையாட்டு இடத்திலும் தரையோடு ஒட்டிப் பாய் விரித்தது போல் கிடப்பது இது. இலை வட்டமாகவும் தடித்தும் இருக்கும். ஒரு கணுவிலுள்ள இரண்டு இலைகளில் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருப்பது இதன் அடையாளம். பூவின் வெளியிதழ்கள் முள்முனையாக முடியும். அவை வெறுங்காலைக் குத்தும். ஆட்டு உரோமத்திலும், செருப்பிலும், வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிக் கொண்டு ஊர் விட்டு ஊர் செல்லும்.

இதன் தாயகமும் தென் அமெரிக்காவே. தென் ஆப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரின்போது படைக் குதிரைகளுக்காக வந்த தீவனத்தோடு இது அந்நாட்டிற்குள் புகுந்ததென்பர். காக்கி உடை அணிந்த படையினரோடு வந்தமையால் அங்கு இதற்குக் ‘காக்கிக் களை’ என்றே பெயர். இதன் வேர் தடித்து ஆழமாக இறங்கும். மேலே செதுக்கினால் மீண்டும் தளிர்க்கும். மழை பெய்து மண் இளகியபின், பூக்கும் முன்பாக, வேரோடு தோண்டி எடுப்பதே ஏற்ற வழி.

ஏரியை அடைக்கும் உறவு

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். இப்பேரினத்தில் அல்டெர்னாந்தெரா பிலாக்செராய்டஸ் என்று ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ‘அலிகேட்டர் களை’ என்பர். நாம் முதலைக் களை எனலாம். தென் அமெரிக்காவின் பரானா ஆற்றுப் பகுதி இதன் தாயகம். 1897-ல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அலபாமா மாநிலத்தில் இது கண்டெடுக்கப்பட்டது. இந்திய ஏரிகளில் இது இருப்பது 1965-ல் அறிவியல் ஏட்டில் வெளியாயிற்று. இன்று நாட்டின் பல பகுதிகளிலும், தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் இது காணப்படுகிறது.

ஆகாயத் தாமரையால் ஏரிகள் படும் பாட்டினை நீங்கள் அறிவீர்கள். முதலைக் களை அதனினும் வல்லது. ஆகாயத் தாமரை நீரில் மட்டுமே நிலைக்கும். இதுவோ நீரிலும் வளரும், நிலத்திலும் வளரும். கரையிலே வேரூன்றி, நீரின் மேல் பாய் போலப் படர்ந்து பரவும். அப்பாய் மூடிய இடத்தில் ஒளி புகாது, நீரில் பிராணவாயு குறையும், மீன் இறக்கும், கொசு பெருகும், மதகிலும் கண்மாயிலும் நீரோட்டம் தடைப்படும். கரையேறி வயலுக்குள் வந்தால் நெல்லுக்கும் இடையூறு. ஏரி வற்றினாலும் இது சாவதில்லை. மண்ணுக்குள் தண்டுகளை ஓட்டிக் காத்திருக்கும்.

குடியேறிய நாடுகளில் இது முளைக்கும் விதை தருவது மிக அரிது. அங்கெல்லாம் இது பரவுவது தண்டுத் துண்டுகளாலேயே. இச்செய்தியில்தான் நமக்கு ஆபத்தும் அடங்கியிருக்கிறது, நம்பிக்கையும் அடங்கியிருக்கிறது. நாம் அறியாமையால் துண்டாக்கினால் பரவும். அறிந்து துண்டு சிதறாமல் காத்தால் நிற்கும்.

பெயர் மயங்கியதால் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். இலங்கையில் பொன்னாங்கண்ணி பெரிதும் விரும்பப்படும் கீரை. சிங்கள மொழியில் முகுணுவென்ன என்பர். ஆஸ்திரேலியாவில் குடியேறிய இலங்கை மக்கள், தங்கள் நாட்டுக் கீரையென்று எண்ணி ஒரு செடியை வீட்டுத் தோட்டங்களில் வளர்த்து உண்டு வந்தனர். 1990-களின் நடுவில் மெல்போர்ன் நகரத்தில் அதிகாரிகள் அதனைப் பார்த்தபோது, அது முதலைக் களை எனத் தெரிந்தது. தேடத் தேட நூற்றுக்கணக்கான தோட்டங்களில் அது இருந்தது. அச்செடி அந்நாட்டில் கடுமையாகத் தடை செய்யப்பட்ட களை. ஆயினும் அரசினர் அம்மக்களைக் குற்றவாளிகளாகக் கருதவில்லை. அவர்களுடன் கூடிப் பேசி, அவர்கள் ஒத்துழைப்பைப் பெற்று, அக்களைக்கு மாற்றாக ஆஸ்திரேலியாவிலேயே இயல்பாய் வளரும் அல்டெர்னாந்தெரா டென்டிகுலேட்டா என்னும் தீங்கற்ற உறவினத்தைக் கீரையாக அளித்தனர். இதன் பின்னர் இலங்கையிலும் தேடிப் பார்த்தபோது மாத்தறைப் பகுதியில் அக்களை இருப்பது வெளியாயிற்று.

கீரையை அன்றாடம் உண்டு பழகியவர்களே இவ்வாறு மயங்கினர் என்றால், ஏரிக்கரையில் அவசரமாகக் கொடி வெட்டி வந்து தோட்டத்தில் நடுபவர் மயங்குவதில் வியப்பில்லை.

பிரித்தறியும் முறை

இரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது? பூவைப் பார்க்க வேண்டும். நாட்டுப் பொன்னாங்கண்ணியின் பூவுருண்டை தண்டோடு ஒட்டியிருக்கும். முதலைக் களையின் பூவுருண்டை விரல் நீளமோ அதற்குச் சற்றுக் குறைவோ உள்ள தனிக் காம்பின் நுனியில் நிமிர்ந்து நிற்கும், உருண்டையும் பெரிது. பூவில் மகரந்தம் தாங்கும் கேசரங்கள் ஐந்து. கண்ணாடி இல்லாதவர்க்குக் காம்பு ஒன்றே போதுமான சான்று.

முதலைக் களையின் தண்டு உள்ளே குழலாக இருக்கும். ஆனால் இதனை மட்டும் நம்பலாகாது. நாட்டுப் பொன்னாங்கண்ணியும் நீரில் மிதந்து வளரும்போது தண்டு பருத்துக் குழலாவதுண்டு. இலையின் அளவையும் நம்பலாகாது. அது நீருக்கும் உரத்திற்கும் ஏற்ப மாறும். பூ இல்லாத காலத்தில் ஐயம் எழுந்தால், பூக்கும் வரை அக்கொடியை வேறிடத்திற்குக் கொண்டு போகாமல் இருப்பதே தக்கது.

பூவுக்குக் காம்பு இருப்பதெல்லாம் முதலைக் களை என்றும் முடிவு செய்துவிடக் கூடாது. வரப்பிலே படரும் பொடுதலைக்கும் பூத்திரளின் அடியில் நீண்ட காம்பு உண்டு. ஆனால் பொடுதலையின் இலை நுனிப் பக்கத்தில் பற்கள் இருக்கும். அது வேறு குடும்பம். அவ்வாறே கரிசலாங்கண்ணி பெயரால் பொன்னாங்கண்ணிக்குத் தங்கை போல் ஒலித்தாலும், சூரியகாந்தியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் இலை சொரசொரப்பாக இருக்கும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

முதலாவது, ஏரி, குளம், வாய்க்கால்களை ஆண்டுக்கு இருமுறையேனும் பூக்கும் காலத்தில் சுற்றிப் பார்த்தல் வேண்டும். பாய் சிறிதாக இருக்கும்போது நான்கு பேர் ஒரு நாளில் எடுத்துவிடலாம். ஏரி முழுவதும் பரவியபின் பெரும் பொருட்செலவு ஆகும்.

இரண்டாவது, அரிவாளால் கண்டபடி வெட்டுவதும், இயந்திரத்தைக் கொண்டு கலக்கி விடுவதும் கூடாது. ஒவ்வொரு துண்டும் ஒரு நாற்று என்பதை நினைவிற் கொள்ளுங்கள். எடுக்கத் தொடங்கும் முன், நீர் வெளியேறும் பக்கத்தில் நெருங்கிய கண்ணுள்ள வலையைக் கட்டிவிட வேண்டும். வேரோடும் அடித்தண்டோடும் எடுத்து, மிதக்கும் துண்டுகளையும் அரித்தெடுத்தல் வேண்டும்.

மூன்றாவது, எடுத்ததைக் கரையிலேயே குவித்துவிட்டுச் செல்லலாகாது. அடுத்த மழையில் அது மீண்டும் நீருக்குள் இறங்கும். எருக்குழியிலும் பச்சையாகப் போடலாகாது. நீர்நிலைக்குத் தொலைவான மேட்டில், காய்ந்த தரையில் பரப்பி, முற்றும் உலர்ந்து சருகான பின்னரே அழித்தல் வேண்டும். அவ்விடத்தில் எடுத்த வண்டல் மண்ணை வயலுக்குக் கொண்டு போகுமுன் அதில் தண்டுகள் இல்லையென்பதைச் சோதித்தறிதல் வேண்டும்.

நான்காவது, குடிக்கவும் மீன் வளர்க்கவும் பயன்படும் நீரில், யாரோ சொன்னார்கள் என்று களைக்கொல்லி மருந்தைத் தெளிக்கக் கூடாது. வேளாண்மைத் துறையின் ஆலோசனையின்றி அது செய்யத்தக்கதன்று. இக்களையைத் தின்னும் சிறு வண்டு ஒன்றினைத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்து 1964-ல் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும், 1977-ல் ஆஸ்திரேலியாவிலும் விட்டனர். நீரில் மிதக்கும் களையை அது நன்கு அடக்கியது. நிலத்தில் வளர்ந்ததை அடக்கவில்லை. அத்தகைய முயற்சி ஆராய்ச்சி நிலையங்களின் பொறுப்பு, நாமே செய்வதன்று. மண்வெட்டியும் வலையும் கூர்ந்த கண்ணுமே நம் கருவிகள்.

ஐந்தாவது, மகளிர் குழுக்களும் பள்ளித் தோட்டங்களும் பொன்னாங்கண்ணி பயிரிட விரும்பினால், ஏரியிலிருந்து கொடி கொண்டு வராமல், பூவைப் பார்த்து உறுதி செய்த பாத்தியிலிருந்தே தண்டு பெறுதல் வேண்டும். ஐயமுள்ள செடியைப் பூவோடு தாளில் வைத்து அழுத்தி உலர்த்தி, வட்டார வேளாண்மை அலுவலரிடமோ, வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ, கோயமுத்தூரிலுள்ள இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் தென் மண்டல நிலையத்திலோ காட்டிப் பெயரறியலாம்.

உலக நீர் நாளாகிய மார்ச்சு 22-லும் நம் மாநிலத்தில் கிராம சபைகள் கூட்டப்பட்டு வருகின்றன. அக்கூட்டத்தில், இரு செடிகளின் பூங்கொத்துகளையும் உலர்த்தித் தாளில் ஒட்டி எல்லோர் பார்வைக்கும் வைத்தால், அரை மணி நேரத்தில் ஊர் முழுவதும் கற்றுக் கொள்ளும். எழுத்தறியாத மூதாட்டியும் காம்பு உண்டா இல்லையா என்பதை ஒரு பார்வையில் சொல்லி விடுவார். உயிருள்ள களைக் கொடியை மட்டும் கூட்டத்திற்குக் கொண்டு வர வேண்டா.

அன்பர்களே, நல்லதும் அல்லதும் ஒரே இலை, ஒரே நிறம், ஒரே படர்ச்சி கொண்டு வரும்போது அவற்றைப் பிரித்துக் காட்டுவது ஒரு சிறு காம்பு. வீட்டுக்குத் திரும்பும் வழியில் உங்கள் வாய்க்கால் ஓரத்தில் சற்றே நின்று, குனிந்து, வெள்ளைப் பூ எங்கே அமர்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் பறித்துச் சமையுங்கள். காம்பின் நுனியில் நின்றால், அதனைத் தொடுமுன் பஞ்சாயத்துத் தலைவரிடம் சொல்லுங்கள்.